உங்களுக்குத் தெரியுமா? பாலாவிப் பக்கத்து நன்னீர்

புத்தளம் மாவட்டத்துப் பாலாவியின் உப்பளங்களுக்கு வெயில் எவ்வளவு நல்லதோ, கிணறுகளுக்கு அவ்வளவு கெடுதி. பாலாவிச் சந்தியில் பிரியும் வீதி போய்ச் சேரும் கற்பிட்டித் தீபகற்பம் முழுக்க மணல். மாரியில் பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அங்கே கிணற்றில் ஊறுவது இந்த மிதக்கும் மழைநீர்தான்.

கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் கணக்கு. மோட்டார் போட்டு இறைத்து நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உவர் 4 மீற்றர் ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளிய காலத்தில் இந்த ஆபத்து குறைவு.

அங்கே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப்போடும் உரத்தின் நைத்திரேற்று மணல்வழியே நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். தாய்மார் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் இதே புத்தளம் மாவட்டத்தில்தான். ஊர்க் கிணறுகள் அவர்களுக்கும் நீர் கொடுத்தன.

கிணறுகளைப் போல வயல்களுக்கும் உவர்தான் பகை. புத்தளம் களப்பில் விழும் ஆறு மீ ஓயா. அதன் மேற்பகுதியில், ஒரு குளத்தின் மிச்ச நீர் அடுத்த குளத்துக்கு இறங்கும் குளத்தொடர்கள் உண்டு. குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையில் 'கட்டகடுவ' என்று ஒரு மரச்சோலை விடுவார்கள். மருதும் இலுப்பையும் நிற்கும் அந்தத் துண்டு நிலம், கட்டிலிருந்து கசியும் நீரின் உப்பை வாங்கிக்கொண்டு வயலைக் காக்கிறது. காணி போதாதென்று அதை வெட்டி வயலாக்கிய இடங்களில் உவர் ஏறுகிறது. உலர்வலயத்தின் இந்தக் குளமுறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபாக ஏற்றது. மீ ஓயா, மல்வத்து ஓயா, யான் ஓயாப் படுகைகளின் கிராமக் குளங்களைப் புனரமைக்கும் திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் 2016இல் ஒப்புதல் அளித்தது.

ஆற்றுநீர் கடலில் வீணாகிறது என்பது சரியல்ல. கோடையில் களப்பின் உப்பு கடலையே மிஞ்சும். இறாலுக்கும் கண்டலுக்கும் ஆறு தரும் நன்னீர் வேண்டும்.

குடிநீருக்குக் கிணற்றை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1,000 லீற்றர். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து தாங்கியில் பிடிக்கலாம்.