பெட்டியின் விலையும் பொதியின் விலையும்

"பெட்டி வித்த காசைவிட அனுப்பின காசு கூடிப்போச்சு, சுவாமி."

மண்டைதீவுத் தாய் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். 1990இல் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பம் அவருடையது. பனையோலை வார்ந்து சுளகும் நீத்துப்பெட்டியும் இழைப்பதே பின்னர் அவருக்குக் கைகொடுத்த தொழில். பாரிசிலிருந்த உறவினரும் அவரின் அயலவரும் கேட்டதால் விலை பேசி அனுப்பினார். அனுப்பும் கூலி யாருடையது, அங்கே வரி வந்தால் யார் கட்டுவது என்பதை மட்டும் பேசவில்லை.

அவரது பொதியின் உண்மை நிறை 7 கிலோ. கூரியர் கம்பனி அறவிட்டதோ 24 கிலோவுக்கு! ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார். ஆனால் ஏமாற்று அல்ல. விமானத்தில் இடமும் காசுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, 5,000ஆல் பிரிப்பது பல கம்பனிகளின் வழக்கம். வரும் எண்ணுக்கும் உண்மை நிறைக்கும் இடையில் எது கூடவோ அதற்கே கூலி. 60, 50, 40 அளவான மட்டைப்பெட்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 24 கிலோ வரும். நாம் அனுப்பியது பெரும்பாலும் காற்றைத்தான்.

அடுத்தது வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்கு உட்பட்ட பொதிகளுக்கு முன்பு இருந்த வற் விலக்கு 2021 யூலை 1ஆம் திகதியுடன் நீங்கிவிட்டது. பிரான்சில் வற் வரி பொதுவாக 20 வீதம். அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கூலியையும் சேர்த்தே கணிக்கப்படும். பெட்டிகள் 50 யூரோ, கூலி 30 யூரோ என்றால் 80 யூரோவுக்கு 16 யூரோ வரி. அதன்மேல் பொதியைக் கையாளும் கட்டணமும் உண்டு. வாசலில் வந்து நிற்கும் தபாற்காரனுக்கு இதைக் கட்ட வாங்குபவர் மறுத்தால் பொதி திரும்பி வரும், அல்லது அழிக்கப்படும். திரும்பி வரும் செலவும் பெரும்பாலும் அனுப்பியவர் தலையிலேயே விழும். அமெரிக்காவிலும் 800 டொலர்வரை இருந்த விலக்கு 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது.

"அன்பளிப்பு என்று எழுதினால் போகாதா?" என்று கேட்பவர்கள் பலர். காசு வாங்காமல் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதே அன்பளிப்பு. அதற்கும் ஐரோப்பாவில் 45 யூரோ, பிரித்தானியாவில் 39 பவுண், கனடாவில் 60 டொலர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். விற்ற பொருளை அப்படி எழுதுவது பொய்ப் பிரகடனம். பிடிபட்டால் இழப்பது ஒரு பொதியை மட்டுமல்ல, வாங்குபவரின் நம்பிக்கையையும்தான். சுங்கப் படிவத்தில் "பனையோலைக் கூடை, 12, இலங்கை" என்று விபரமாக எழுதுங்கள். இத்தகைய பின்னல் பொருட்களுக்கு உலகச் சுங்க வகைப்பாட்டில் 4602 என்ற தலைப்பு எண் உண்டு. அதையும் எழுதினால் அதிகாரி ஊகிக்க வேண்டியதில்லை.

எமது பாட்டன்மாருக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணப் புகையிலை தோணிகளில் திருவிதாங்கூருக்குப் போன காலத்தில், முதலில் அங்கே அரச தனியுரிமை. 1860களில் அது நீங்கியபின் இறக்குமதித் தீர்வை. அந்தத் தீர்வையில் ஏற்பட்ட மாற்றங்கள் இங்கே தோட்டத்து விலையைத் தொட்டன. ஆனால் அவர்கள் தனித்தனிச் சிப்பமாக அல்ல, தோணி நிறையவே ஏற்றினார்கள்.

இன்றும் பல குடும்பங்கள் சேர்ந்து கப்பலில் அனுப்பலாம். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும், கூலி குறையும். பெருந்தொகைச் சரக்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2017 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மீள வழங்கிய ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையால் தீர்வை குறையும் அல்லது நீங்கும். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்கென்றால், விதிக்கப்பட்ட வாசகத்தில் உற்பத்தி நாட்டை விலைச்சிட்டையிலேயே உறுதிப்படுத்தலாம். வற் வரி இதனால் குறையாது. ஒடியலும் ஒடியல் மாவும் சேர்ப்பதானால் அந்த நாட்டின் உணவு, தாவரப் பரிசோதனை விதிகளை முதலில் விசாரியுங்கள். ஒருவரது ஒடியலில் வண்டு கண்டால் எல்லோருடைய சரக்கும் துறைமுகத்தில் நிற்கும். கூட்டுச் சரக்கில் எனக்குள்ள பயம் இதுதான்.

அந்தத் தாய் இப்போது பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் இழைக்கிறார். அதே எண்ணிக்கை 40, 40, 30 அளவான மட்டைப்பெட்டிக்குள் அடங்குகிறது. கணக்கு 9.6 கிலோ. கூலியும் வரியும் வாங்குபவருடையது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டபோது இருவர் பின்வாங்கினார்கள். மற்றவர்களுக்காக இழைத்துக்கொண்டிருக்கிறார்.