குடியுரிமையும் அடையாள அட்டையும்

எருசலேமில் புனித சின்னப்பரைச் சாட்டையால் அடிப்பதற்காகக் கட்டியபோது, தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் அறிவித்தார். பெரும் பணம் கொடுத்து அக்குடியுரிமையை வாங்கியிருந்த ஆயிரவர் தலைவன், அதைப் பிறப்பாலேயே பெற்ற ஒருவரைக் கட்டிவிட்டோமே என்று அஞ்சினான். குடியுரிமைக்கு அத்தனை வலிமை! இன்று நம் கையிலுள்ள அட்டைகளில் அது எங்கே எழுதப்பட்டுள்ளது என்று பார்ப்போமா?

முதலில் ஆதார் அட்டை. இவர் இன்னார் என்று மட்டுமே அது சொல்லும். ஓராண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கிய பிறநாட்டவரும் அதைப் பெறலாம். எனவே அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016 ஆம் ஆண்டு ஆதார் சட்டமே கூறுகிறது. 1993 முதல் வழங்கப்படும் வாக்காளர் அட்டை குடிமக்களுக்கு மட்டுமே உரியது; ஆயினும் நாட்டினம் என்று ஒரு தனி வரி அதில் இல்லை. கடவுச்சீட்டில்தான் 'இந்தியர்' என்பது அச்சாகிறது.

நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் வேறோர் அட்டையையும் காணலாம். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தன. அங்குப் பிறந்து அங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வாறு எழுதித் தந்தோரின் வழிவந்த பலர் பிரான்சின் தேசிய அடையாள அட்டையை வைத்துள்ளனர். அதில் நாட்டினம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரே ஊரில் ஒரே மொழி பேசுவோர் இரு நாட்டுக் குடிமக்கள்!

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு உள்ளது. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. 1983 முதல் போரினால் தமிழகம் வந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தும் அவர்களுள் பலருக்கு வாக்குரிமை இல்லை. ஏன்?

நம் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1 க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராய் இருத்தல் வேண்டும். அதற்குப் பின் பிறந்தோருக்கு விதி இன்னும் கடினமாயிற்று. முதல் விதியைக் காட்டி, முகாமில் பிறந்த பெண்ணொருவர் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றார். 2024 பாராளுமன்றத் தேர்தலில், தம் வாழ்வில் முதன்முறையாக அவர் வாக்களித்தார்.

ஆகவே குடியுரிமையை நமக்குத் தருவது சட்டம். பிறந்த நாளையும் இடத்தையும் பெற்றோரையும் கொண்டே சட்டம் அதைத் தீர்மானிக்கிறது. தோழியரே, உங்கள் பிறப்புச் சான்றிதழைப் பெயர்ப் பிழையின்றிப் பெற்று, பெற்றோரின் சான்றுகளுடன் பத்திரமாகப் பேணுங்கள். இந்தியக் குடியுரிமை இன்னும் கிட்டாத தோழி ஒருத்தி உங்களோடு படித்தால், அவளை அந்நியளாக எண்ணாதீர்கள். ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குச் சென்ற திருக்குடும்பமும் அங்கே வேற்று நாட்டாராகவே வாழ்ந்தது அன்றோ!