சிறையிலிருந்து ஊருக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பயணம் செய்தால் போனக்காடு என்னும் மலையூரை அடையலாம். அகத்தியர்கூடத்துக்கு யாத்திரை செல்வோர் கால்நடையாகப் புறப்படும் இடம் அது. வெள்ளையர் காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டம் உண்டாயிற்று. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்து வாழ்ந்தன. 1990களில் தோட்டம் நொடித்தது. சம்பளம் நின்றது, தொழிற்சாலை ஓய்ந்தது, பலர் மலையிறங்கிப் போயினர். பழைய லயங்களில் சில குடும்பங்களே எஞ்சின.

இப்படிப்பட்ட ஓர் ஊருக்கு ஒருவர் திரும்பி வருவதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாலைப் பொழுதில் எழுந்த சச்சரவில், ஆத்திரம் அறிவை மறைக்க, அடுத்த லயத்துக்காரரை அரிவாளால் வெட்டிப் படுகாயப்படுத்தியவர் அவர். நீதிமன்றம் ஏழாண்டுத் தண்டனை விதித்தது. அதை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை, சிறையில் உழைத்துச் சேர்த்த சிறிது பணம், விடுதலைச் சான்று, இவ்வளவே அவர் உடைமை. பேருந்திலிருந்து இறங்குகிறார். யார் அவரை எதிர்கொள்வார்? எங்கே படுப்பார்? மறுநாள் காலையில் எந்த வேலைக்குப் போவார்? வெட்டுப்பட்டவர் இன்னும் அடுத்த லயத்தில்தான் இருக்கிறார். அவர் முகத்தை இவர் எப்படிப் பார்ப்பார்?

இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கவில்லையென்றால் அவர் நெடுநாள் அந்த ஊரில் தங்கமாட்டார். வெளியூருக்குப் போவார், அங்கே சிறையில் பழகிய ஒருவரைச் சந்திப்பார். அதன்பின் நடப்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சிறைவாசத்தின் முடிவில் வரும் முதல் சில வாரங்கள் அவருக்கு மட்டுமன்றி நமக்கும் முக்கியமானவை என்பது இதனாலேதான்.

நம் மொழியில் 'முன்னாள்' என்று ஒரு சொல் உண்டு. முன்னாள் அமைச்சர், முன்னாள் தலைமையாசிரியர் என்று சொல்லும்போது அது மரியாதையைக் குறிக்கிறது. அதே சொல் 'கைதி'க்கு முன்னால் நின்றால் அழியாத மையாகிவிடுகிறது. நீதிமன்றம் விதித்த தண்டனைக்குக் கால எல்லை உண்டு. ஊர் விதிக்கும் தண்டனைக்கு எல்லை இல்லை. இதுவே இப்பிரச்சினையின் வேர்.

சிறையின் நோக்கம் திருத்துவதே என்பது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழு, தண்டிப்பதோடு நில்லாமல் குற்றவாளியைத் திருத்தி மீண்டும் சமூகத்தில் நிலைநிறுத்துவதே சிறை நிர்வாகத்தின் குறிக்கோளாதல் வேண்டும் என்று வற்புறுத்தியது. 1955இல் ஜினீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் அவ்விதிகள் 2015இல் புதுக்கப்பட்டன. ஒருவர் சிறை புகும் நாளிலிருந்தே அவருடைய விடுதலைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்க வேண்டும் என்பது அவற்றின் சாரங்களில் ஒன்று.

இச்சிந்தனை செயலாகும் இடமொன்றைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. போனக்காடு சார்ந்துள்ள அதே அகத்திய மலைத்தொடரின் அடிவாரத்தில், நெய்யாறு அணைக்கு அருகே, நெட்டுகால்தேரி என்னும் இடத்தில் ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. கேரளத்தின் முதல் திறந்தவெளிச் சிறையான அது 1962இல் தொடங்கப்பட்டது. மத்தியச் சிறைகளில் சில காலம் கழித்து, நன்னடத்தையால் நம்பிக்கை பெற்ற கைதிகள் அங்கே அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார்கள், மாடு வளர்க்கிறார்கள், காய்கறி பயிரிடுகிறார்கள். அவ்வுழைப்புக்குக் கூலியும் உண்டு.

திறந்தவெளிச் சிறையில் கைதியைத் தடுத்து நிறுத்துவது உயர்ந்த மதிலன்று, அவரிடம் வைக்கப்பட்ட நம்பிக்கையே. எப்போதாவது ஒருவர் இருவர் தப்பியோடியதும் உண்டு. ஆனால் ஓரிருவர் ஓடினார்கள் என்பதற்காக ஏனையோரிடம் வைத்த நம்பிக்கையை அரசு விலக்கிக்கொள்ளவில்லை. காலையில் எழுவது, வேலைக்குப் போவது, கூலியை எண்ணி வாங்குவது, அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புவது ஆகிய சாதாரணப் பழக்கங்கள் மூடிய கொட்டடியில் மங்கிப்போகின்றன. மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்தில் அவை மீண்டும் துளிர்க்கின்றன.

இம்முறையைத் தமிழ் மக்கள் திரைப்படத்தின் வாயிலாகவும் அறிவர். 1939இல், பம்பாய் மாகாணத்தை அடுத்திருந்த ஔந்து சமஸ்தானத்தில், கைதிகளைக் காவலின்றிக் குடியமர்த்தி உழவு செய்ய வைத்த சுதந்திரபுரம் என்னும் குடியிருப்பு தோன்றியது. சாந்தாராம் 1957இல் எடுத்த இந்திப் படத்துக்கு அதுவே தூண்டுகோல். 1975இல் எம்.ஜி.ஆர். நடிக்க அப்படம் 'பல்லாண்டு வாழ்க' என்று தமிழில் வந்தது. கொட்டகையில் அந்தக் கைதிகளுக்காகக் கண்ணீர் விட்டவர் பலர். அவர்களில் எத்தனை பேர் அத்தகைய ஒருவருக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

திறந்தவெளிச் சிறையும் ஒரு நாள் முடிந்துவிடுகிறது. அதன் வாயிலுக்கு வெளியே யார் பொறுப்பு? இந்திய அரசியலமைப்பின்படி சிறைகள் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளவை; ஆகவே ஏற்பாடுகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கேரளத்தில் சமூக நீதித் துறையின்கீழ் மாவட்டந்தோறும் நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். விடுதலையானவர் சுயதொழில் தொடங்க நிதியுதவி, கைதிகளின் குழந்தைகளுக்குக் கல்வியுதவி, பெண்மக்களின் திருமணத்துக்கு உதவி ஆகியவை அத்துறையின் திட்டங்களில் அடங்கும். 'நேர்வழி' என்று அவற்றுள் ஒன்றுக்குப் பெயர். தமிழரும் மலையாளிகளும் ஒன்றுபோலவே புரிந்துகொள்ளும் சொல் அது. தமிழ்நாட்டில் சிறைத்துறை நடத்தும் அங்காடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கைதிகள் பொதுமக்களுக்கு நேரே பணிபுரிகிறார்கள். திருவனந்தபுரம் பூஜப்புரைச் சிறையில் சுடும் சப்பாத்தியைப் பொதுமக்கள் விலைக்கு வாங்கி உண்கிறார்கள். இவற்றால் கிடைக்கும் வருவாயைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. கைதியின் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கப் பொதுமக்கள் பழகுகிறார்கள்.

சிறைக்கே அனுப்பாமல் திருத்தும் வழியும் நம் சட்டத்தில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், மரணதண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரை, தகுந்த சந்தர்ப்பங்களில், நன்னடத்தை உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அவர் தம் ஊரிலேயே, தம் தொழிலிலேயே இருப்பார். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் அவரை வைக்கவும் நீதிமன்றம் ஆணையிடலாம். இவ்வாறு விடப்பட்டவருக்குக் குற்றத்தீர்ப்பினால் நேரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கே நேயர்கள் ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கைதி ஒருவரைச் சில நாள் விடுப்பில் ஊருக்கு அனுப்புவதற்கு முன்னும், முன்கூட்டியே விடுதலை செய்வது பற்றி ஆராயும்போதும், அவருடைய ஊரில் விசாரணை நடைபெறுகிறது. காவல்துறையினரும் நன்னடத்தை அலுவலரும் வந்து, குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா, அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கிறார்களா, வந்தால் கலகம் நேருமா என்று கேட்டு அறிக்கை எழுதுகிறார்கள். தேநீர்க் கடையில் நாம் அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தை அந்த அறிக்கையில் ஏறி, ஒரு மனிதரின் சில ஆண்டுகளைத் தீர்மானித்துவிடலாம். தீர்ப்பு வழங்குபவர் நீதிபதி மட்டுமல்லர்.

விடுதலையானவருக்கு வாயிலடைத்த வரலாறு நம்மிடையே ஒன்றுண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை குற்றவாளியல்லர்; நாட்டுக்காகச் சிறை சென்றவர். எனினும் அன்றைய சட்டத்தின் பார்வையில் அவர் தண்டிக்கப்பட்ட கைதியே. 1908இல் சிறைப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் வாடி, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். கப்பலோட்டியவரை எதிர்கொள்ளத் திரண்ட கூட்டம் எதுவும் இல்லை. சுப்பிரமணிய சிவா முதலிய மிகச் சிலரே வந்தனர். வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமை பறிபோயிருந்தது. சென்னையில் சிறுகடை வைத்துப் பிழைக்க முயன்றார். வறுமை அவரை விடவில்லை. பின்னர் அவருக்குத் தொழில் உரிமை மீண்டும் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். எந்த அரசு தம்மைச் சிறையிட்டதோ, அந்த அரசின் நீதிபதி ஒருவரின் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுவதென்றால், திரும்பக் கிடைத்த அந்தத் தொழில் அவருக்கு என்னவாக இருந்திருக்கும்!

புகழ்பெற்ற பெருந்தலைவருக்கே இந்நிலை என்றால், பெயரறியாத ஒரு தோட்டத் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஒரு வாலஸ் கிடைப்பாரா?

"குற்றம் செய்தவருக்கு இத்தனை பரிவா? வெட்டுப்பட்டவருக்கு யார் இருக்கிறார்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி; இதைத் தள்ளிவிட்டுப் பேசுவோரின் வார்த்தை ஊரில் எடுபடாது. சிறைக் கூலி பற்றிய வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இரு தரப்பையும் நினைவில் கொண்டது. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்றும், அக்கூலியின் ஒரு பகுதியால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடுசெய்ய மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்றும் அது கூறியது. உழைக்க வாய்ப்புப் பெற்றவரால்தான் ஈடு செய்ய முடியும். வேலையின்றித் திரிபவரிடமிருந்து வெட்டுப்பட்டவருக்கு ஒரு காசும் வராது, ஒரு மன்னிப்பும் வராது. ஆகவே ஒருவரின் மறுவாழ்வு மற்றவருக்கு எதிரானதன்று. ஊர்ப் பெரியவர்கள் நடுவே நின்று, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அச்சத்தை முதலில் கேட்டு, அதற்குத் தக்க வரம்பு வகுத்துக் கொடுத்தால் இருவரும் ஒரே மலையில் வாழ வழி பிறக்கும்.

இனி, நாம் செய்யத்தக்கவை எவை? முதலாவது, திரும்பி வருபவருக்குச் சில காலம் தங்க ஓர் இடம். அது உறவினர் வீடாயினும் சரி, தொண்டு நிறுவனத்தின் விடுதியாயினும் சரி. இரண்டாவது, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு முதலியவற்றைச் சரிசெய்து கொடுப்பது. நெடுநாள் உள்ளே இருந்தவருக்கு ஓர் அலுவலகப் படிவமே பெருமலையாகத் தோன்றும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஓர் அரைநாளில் செய்யத்தக்க உதவி இது. மூன்றாவது, வேலை. முழு நம்பிக்கை வரும்வரை காத்திராமல், சிறு வேலையைக் கொடுத்துப் பார்த்து நம்பிக்கையை வளர்ப்பதே முறை. நெட்டுகால்தேரி நமக்குக் கற்பிக்கும் பாடமும் அதுவே. நான்காவது, அவருடைய குழந்தைகளை அவருடைய குற்றத்தின் பெயரால் அழைக்காதிருத்தல்.

அரசுப் படிவங்களைத் தமிழாக்குவது என் அன்றாட அலுவல். பணிக்குத் தேர்வானவர் நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில், நீர் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி இருக்கும். அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்; ஆனால் குற்றத்தின் தன்மையையும் பிற சூழ்நிலைகளையும் சீர்தூக்காமல் எந்திரம்போல் ஒருவரைத் தள்ளிவிடலாகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. படிவத்துக்கே அந்த நிதானம் வேண்டுமென்றால் மனிதருக்கு எவ்வளவு வேண்டும்!

போனக்காட்டுக்கு மீள்வோம். அங்கே தொழிற்சாலை ஓய்ந்துகிடக்கிறது. இருப்பவருக்கே வேலை அருமை. அத்தகைய ஊரில் திரும்பி வருபவரை வரவேற்பது எளிதன்று. வறுமைப்பட்ட ஊரின்மீது மட்டும் இப்பாரத்தை ஏற்றிவிட்டு நகரங்களில் உள்ள நாம் ஒதுங்கிக்கொள்வதும் நேர்மையன்று. அரசின் நிதியுதவி அந்த மலைவரை ஏறிச் செல்ல வேண்டும். அலுவலர் பேருந்தேறிப் போய் அவரைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் நடந்தபின், கடைசியாக, அக்கம்பக்கத்தார் ஒருவர் தம் வீட்டு வாசலிலிருந்து "வந்துவிட்டாயா? சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு அரசாணை பிறப்பிக்க முடியாது. ஆயினும் விடுதலைச் சான்றில் எழுதியிருப்பது உண்மையாவது அப்போதுதான்.