மான் வேட்டைக்கு எந்த ஸ்கோப் பொருத்தம்?



ஒன்ராறியோவில் நவம்பர் மாதம் மான் வேட்டைக் காலம். உரிய அனுமதிப் பத்திரங்களுடன் முதன்முறையாகக் காட்டுக்குச் செல்பவர்கள், துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கும்போது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான் கேட்பார்கள். மஸ்கோகா, ஹாலிபேர்ட்டன் போன்ற அடர்ந்த காட்டுப் பகுதிகளுக்கு, "எவ்வளவு அகலமாகக் காட்டும்?" என்பதே சரியான கேள்வி.

அங்கே மரங்களுக்கிடையில் 50 மீற்றருக்கு அப்பால் தெரிவதே அரிது. 30 மீற்றரில் நிற்கும் மானை 9 மடங்கில் பார்த்தால், சுமார் ஒன்றரை மீற்றர் அகலம்தான் தெரியும். மானின் உடலும் ஏறக்குறைய அதே நீளம். தோள் எங்கே என்று தேடுவதற்குள் மான் போய்விடும். 2 மடங்கில் நான்கு மீற்றர் அளவுக்குத் தெரியும். ஆகவே 1–4 அல்லது 2–7 மடங்கு ஸ்கோப் தாராளம். நடக்கும்போது ஆகக் குறைந்த மடங்கிலேயே வைத்திருங்கள்.

அடுத்தது வெளிச்சம். மான்கள் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். இங்கே ஒரு சின்ன வகுத்தல் கணக்கு உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மி.மீ. கண்ணாடி, 4 மடங்கு என்றால் 8 மி.மீ. இருட்டில் இளையவரின் கண்மணி சுமார் 7 மி.மீ. விரியும், ஐம்பதைத் தாண்டிய எம்போன்றோருக்கு 5 மி.மீ. அளவுதான். குறைந்த மடங்கில் பயன்படுத்த 50 மி.மீ. கண்ணாடி வாங்குவது, கண்ணுக்குள் போகாத வெளிச்சத்துக்குக் காசு கட்டுவது போன்றது.

மங்கலான நேரத்தில் மெல்லிய குறுக்குக்கோடு மரக்கிளைகளோடு கலந்துவிடும். ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த கோடுகளைத் தெரிவு செய்யுங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். எனவே கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

முக்கியமான விடயம் இனித்தான். ஸ்கோப் பார்க்கும் திசையையே துப்பாக்கிக் குழாயும் பார்க்கிறது. தூரத்தில் அசைவது மானா மனிதனா என்று அறிய ஸ்கோப்பைத் தூக்கினால், அது மனிதனாக இருக்கும் பட்சத்தில் அவர்மீது துப்பாக்கியை நீட்டியாயிற்று. சட்டப்படி அவர் செம்மஞ்சள் உடை அணிந்திருந்தாலும், புதர் அதை மறைத்திருக்கலாம். அடையாளம் காண்பதற்குக் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கட்டும். செலவுப் பட்டியலில் அதை ஸ்கோப்புக்கு முன்னால் எழுதுங்கள்.