விழாத மரமே ஆபத்து

2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருமரம் ஒன்று சரிந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. மோனோரயில் சேவையும் தடைபட்டது. இப்படி ஏதாவது நடந்துவிட்டால், மரத்துக்குள் ஒலியலை செலுத்திப் பொந்தைக் காட்டும் கருவிகளை ஆளாளுக்குப் புகழ்வோம். நல்ல கருவிகள்தாம். ஆனால், பாதி விழுந்து பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்ட மரம் எந்தப் பக்கம் பாயும் என்பதை அவை சொல்வதில்லை. பூச்சோங்கில், ஆயர் ஹீத்தாம் காட்டை ஒட்டிய தாமான்களில் இருப்பவர்கள் அஞ்சவேண்டியது அந்தப் பாதி விழுந்த மரத்துக்குத்தான்.

சிக்கிய மரம், சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. அடியை வெளியே இழுத்தால் தலை இறங்கும். ஆனால் இந்த ஏணிக்குக் கொக்கி போன்ற கிளைகள் உண்டு. நின்ற இடத்திலேயே உருளவும் செய்யும். அது சாய்ந்திருக்கும் சுவரோ வில்லாக வளைந்து நிற்கிறது. அரை டன் எடைக்குச் சமமான விசை, தாங்கும் மரத்தை ஒரு மீட்டர் வளைத்திருக்கிறது என்று வையுங்கள். அதில் தேங்கியுள்ள ஆற்றல், 250 கிலோ பாறை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வளைவு இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வளைந்த தண்டின் வெளிப்புற நார்கள் இழுபட்டும் உட்புற நார்கள் நசுங்கியும் இருக்கும். நசுங்கிய பக்கம் செயின்சாவை வைத்தால் வெட்டுவாய் மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். இழுபட்ட பக்கம் வைத்தால், பாதி அறுப்பதற்குள் தண்டு பிளந்து சீறும். நம் கை விலகும் வேகம் அதற்கு ஈடாகாது.

மரம் வெட்டுபவர்களுக்கு இது புதுச் சேதி அல்ல. கொடிகள் பல மரங்களின் உச்சிகளைச் சேர்த்துக் கட்டிவிடும், வெட்டிய மரம் விழாமல் சிக்கிக்கொள்ளும் என்பதால், முன்கூட்டியே கொடிகளை வெட்டிவிடுவது மலேசியக் காடுகளில் பழைய வழக்கம். 1978 முதல் தீபகற்பத்தில் நடப்பிலுள்ள தேர்ந்தெடுத்து வெட்டும் முறையிலும் அதற்கு இடமுண்டு.

இவ்வளவு ஆற்றல் தேங்கியிருப்பதால், சிக்கிய மரத்தின்மேல் ஏறக்கூடாது. அதன் அடியில் நிற்கக்கூடாது. தாங்கும் மரத்தை வெட்டக்கூடாது. இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்த்துத் தள்ளப் பார்க்கவும் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் அடிமரத்தில் கம்பிவடம் கட்டி, தொலைவிலிருந்து வின்ச் மூலம் உச்சிக்கு எதிர்த்திசையில் மெல்ல இழுப்பார்கள். வடம் அறுந்தால் சாட்டையாக வீசும் என்பதால் அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கமாட்டார்கள். யூடியூபில் செயின்சாவோடு நிற்கும் வீரர்கள் இந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை.

உங்கள் வீட்டருகே மரம் இப்படித் தொங்கினால், அதன் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்குங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் கயிறு கட்டுங்கள். 999-ஐ அழைத்துப் பொம்பாவிடம் ஒப்படையுங்கள். வெட்டுக்கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.