வெட்டுத் துணியில் ஒரு ஜோடிக் கம்மல்

உப்பிலியபுரத்திலோ துறையூரிலோ தெரிந்த தையற்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ரவிக்கை தைத்தது போக மிஞ்சிய துண்டை மறுக்காமல் தருவார். உள்ளங்கை அகலம் இருந்தாலே ஒரு ஜோடிக் கம்மல் தேறும்.

ஒரு ரூபாய் நாணய அளவில் கெட்டி அட்டையை வட்டமாக நறுக்குங்கள். அதைப்போல் இரு மடங்கு விட்டத்தில் துணியை வெட்டி, விளிம்பைச் சுற்றி நூலோட்டுங்கள். நடுவில் அட்டையை வைத்து நூலை இழுத்தால், சுருக்குப்பை மாதிரி துணி அதைக் கவ்விக்கொள்ளும். முடிச்சுப் போட்டு, பின்பக்கம் இன்னொரு வட்டத்தையும், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் கம்மல் தண்டையும் ஒட்டிவிடுங்கள்.

பட்டு என்றால் கொஞ்சம் வம்பு. வெட்டிய இடத்தில் இழை பிரியும். பின்னால் ஒட்டு கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டபிறகு வெட்டுங்கள். புட்டா சரியாக நடுவில் விழட்டும். கோணலாகப் போனால் கம்மல் களையிழந்துவிடும்.

எங்கள் ஓட்டு பழைய உறையூர்ப் பருத்திச் சேலைக்குத்தான். பசை நன்றாகப் பிடிக்கும், காதுக்கும் கனமில்லை. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பேசுகிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

குளிக்கும்போது மட்டும் கழற்றி வையுங்கள், அட்டை ஊறிவிடும்.