பிரசவம் முடிந்து மாதங்கள் ஆகியும் இடுப்பு வலியா? பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை!

பிரசவம் முடிந்து பனியன் கம்பெனிக்குத் திரும்பும் திருப்பூர் பெண்களுக்கு இரண்டு கவலைகள். குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலையை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். மற்றொன்றைச் சொல்வதே இல்லை. பவர் டேபிளில் உட்கார்ந்தால் வால் எலும்பு வலிக்கிறது. செக்கிங் டேபிளில் நின்றால் கீழே ஏதோ இறங்குவதுபோல் கனக்கிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. தாம்பத்தியம் என்றாலே பயம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் சொன்னால், “பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான் கண்ணு” என்பார்கள். சிசேரியன் என்றால் முதுகில் போட்ட ஊசிமேல் பழி. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட தகவல்படி, ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பெண்கள் பிரசவத்தால் வரும் நீண்டகாலப் பிரச்னைகளுக்கு ஆளாகிறார்கள். தாம்பத்தியத்தில் வலி 35 சதவிகிதம் பேருக்கு; கீழ்முதுகு வலி 32 சதவிகிதம் பேருக்கு. ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளிபோல் விரிந்திருக்கும் தசைகள்தான் கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. கர்ப்பகாலம் முழுக்கச் சுமந்த தசைகள் இவை. சுகப்பிரசவத்தில் இன்னும் இழுபடும், சில சமயம் கிழியும், தையலும் விழும். சிசேரியன் ஆனவர்களும் சுமந்தவர்கள்தானே?

இதற்கு யூடியூபில் எல்லோரும் சொல்வது ‘கெகல்’ பயிற்சி. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதிப் பிரபலமாக்கியது. தசை தளர்ந்து சிறுநீர் கசிபவர்களுக்கு நல்ல பலன் தரும். ஆனால், வலி இருப்பவர்களில் பலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிக் கிடக்கும். அதை மேலும் இறுக்கினால் வலி கூடும். டைலர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: நூல் டென்ஷன் தளர்ந்தால் தையல் தொங்கும், இறுகினால் துணி சுருங்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்க்காமல் திருகக் கூடாது. அதைப் பார்த்துச் சொல்பவர்தான் பிசியோதெரபிஸ்ட்.

முதலில் உட்காரும் விதம், மூச்சு, வயிற்றுத் தசை ஆகியவற்றைக் கவனிப்பார். தேவைப்பட்டால் உள்பரிசோதனை உண்டு; உங்கள் சம்மதம் இல்லாமல் கிடையாது. பெண் தெரபிஸ்ட்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். இறுகிய தசையைத் தளர்த்துவது, ஆறிய தழும்பை மெல்லத் தேய்த்து இளக்குவது, பிறகு பலப்படுத்துவது என்று சிகிச்சை நகரும். ஓரிரு நாளில் முடியாது, வாரங்கள் ஆகும். பிரான்ஸில் பிரசவித்த பெண்களுக்கு இதற்கென 10 அமர்வுகள் வரை அரசு காப்பீட்டிலேயே கிடைக்கின்றன. நம் ஊரில் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டில் பிசியோதெரபி என்ற வார்த்தையைப் பார்ப்பதே அபூர்வம்!

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, இந்தப் பிரச்னையில் பயிற்சி பெற்றவரிடம் செல்லுங்கள். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், காலில் வீக்கம், சிறுநீர் போக முடியாமை, மலம் அடக்க முடியாமை இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம்.

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாத பீஸ் ரேட் டைலருக்கு இதெல்லாம் காகிதத்தில்தான். சீக்கிரமே மெஷினுக்குத் திரும்புபவர் அவர்தான், வலியும் அவருக்குத்தான் அதிகம்.

அப்படித் திரும்பியவர்கள் இதையாவது செய்யலாம். வால் எலும்பு படும் இடத்தில் பள்ளம் விட்ட குஷன் போட்டு உட்காருங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். பண்டல் தூக்கும்போது மூச்சை அடக்காமல், வெளியே விட்டபடி தூக்குங்கள். இரவில் முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, வயிறு மெல்ல எழும்படி மூச்சை இழுத்து, அடியிடுப்பைத் தளரவிடுங்கள். ஐந்தாறு மூச்சு போதும். குழந்தை அதற்குள் விழித்துவிட்டால், மறுபடி தூங்கிய பிறகு செய்துகொள்ளலாம்.